நிசேயாவில் வரைந்த தெரு

துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் ஓர் எந்திரத்தை வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துவர, திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி என்னைத் துருக்கிக்கு அனுப்பியது. தரக்கட்டுப்பாடு என் பிரிவு. எந்திரம் இருந்த ஊர் புர்சா.

பெட்டியில் வைத்தவை: எங்கள் துணி ரோல் இரண்டு, எடை பார்க்கத் துணியை வட்டமாக வெட்டும் கருவி, அளவு நாடா, மழைக்கோட்டு, அம்மா அரைத்துக் கொடுத்த பருப்புப்பொடி. பெட்டியில் வைக்காமலே கூட வந்தது ஒரு சண்டை.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேவூர்ப் பக்கம் எங்கள் ஊர். சவேரியார் கோயில் இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் திருவிழா. பொழுது சாயும் நேரத்தில் சவேரியார் சப்பரத்தில் ஏறி ஐந்து தெருக்களைச் சுற்றுவார். ஆறாவது தெரு எங்களுடையது. தண்ணீர்த் தொட்டி முக்குவரை வந்து, எங்கள் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் திரும்பிவிடுவார்.

எங்கள் முன்னோர் எந்தச் சாதியிலிருந்து கிறிஸ்தவர்களானார்கள் என்பதுதான் காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லும் காரணங்கள் வேறு. மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். மின்வாரியத்துக்கு அலைந்து உயர்த்தினோம். மண் ரோடு, தூக்குகிறவர்கள் வழுக்கி விழுவார்கள் என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டுச் சிமென்ட் போட வைத்தோம். தெரு குறுகல் என்றார்கள். நான் ஆபீசிலிருந்து லேசர் மீட்டரை எடுத்துவந்து சப்பரத்தையும் தெருவையும் அளந்து காட்டினேன். இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் மிச்சம் இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே காரணம்: வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்றத் தெருப் பையன்கள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதால் சப்பரம் தூக்கத் தோள் போதவில்லை. எங்கள் தெரு ஆண்களைக் கூப்பிட்டார்கள். இப்போது முன்தண்டில் நிற்பவர் என் அப்பா.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை, பார்த்தவர். போன வருடம் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாக்கர் பிடித்து வாசல்வரைதான் நடை. அந்த வருடத் திருவிழா அன்று தொட்டி முக்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போகிறேன் என்றார் அப்பா.

"நான் எதுக்கு முக்குல போயி நிக்கோணும்? வந்தா இங்க வரட்டும். நீங்க தூக்குற சாமி உங்க ஊட்டுக்கே வராதுன்னா, எனக்கென்ன அவசரம்?"

வாசலில் நாற்காலி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்துகொண்டார். பேண்டு சத்தம் முக்குவரை வந்து திரும்பிப் போனது. மெழுகுவத்தி எரிந்து அடங்கும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் எங்கள் பங்கில் இரட்டைத் திருவிழா. நிசேயா என்ற ஊரில் பிஷப்புகளான ஆயர்களெல்லாம் கூடி, இன்னின்னதை நம்புகிறோம் என்று நாங்கள் பூசையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை முடிவு செய்து ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. வழக்கமாகச் சின்னப் பிரமாணத்தைச் சொல்லிப் பழகிய நாங்கள், இந்த வருடம் முழுக்க நீளமானதை அட்டையைப் பார்த்துத் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் 'ஒரே திருமுழுக்கு' என்று ஒரு வரி வரும்; ஞானஸ்நானம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பொருள். விழாக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, ஒரே திருமுழுக்கு என்றால் ஆறாவது தெருவுக்கு மட்டும் சப்பரம் ஏன் வராது என்று கேட்டேன்.

கமிட்டித் தலைவர் அந்தோணிசாமி தையல் யூனிட் வைத்திருப்பவர். கோபப்படவில்லை. சிரித்தார்.

"கண்ணு, ஆயிரத்தெழுநூறு வருசமா அந்தப் பிரமாணத்துல ஒரு எழுத்து மாத்துனாங்களா? அதனாலதான் அது நிக்குது. சப்பரம் போற பாதையும் அதுமாரித்தான். பெரியவங்க போட்டது. நாம கை வெக்கறதுக்கில்ல."

பங்குச் சாமியார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார்.

அதே கூட்டத்தில்தான் எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். திருவிழாவுக்கு எல்லாருக்கும் டி-ஷர்ட், தலைவர் உபயம். முன்பக்கம் புறாவும் 1700-ம். முதுகில், வெளியூர்க்காரர்களுக்கு வழி தெரியச் சப்பரம் போகும் பாதையின் வரைபடம். கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தவள் நான் என்பதால் அது என் தலையில். தலைவர் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்தார். ஐந்து தெருக்கள். ஆறாவது தெரு இருக்கவேண்டிய இடத்தில் 'உபயம்: அந்தோணிசாமி குடும்பத்தார்'.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "துருக்கி போய்ட்டு வந்து தர்றேனுங்க சார்" என்று வந்தது. அப்பா அவரை 'ஐயா' என்பார். நான் 'சார்' என்பேன். அந்த வித்தியாசம் அவருக்கும் தெரியும்.

"அங்கிருந்தே அனுப்பு கண்ணு. நிசேயாவே அங்கதான இருக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். உண்மைதான். புர்சாவிலிருந்து அதிக தூரமில்லை. இப்போது அதற்குப் பெயர் இஸ்னிக்.

*

புர்சா, முதல் நாள். ஊருக்குப் பின்னால் ஒரு மலை, உச்சியில் வெள்ளை. ஊருக்குள் புகைபோக்கிகள். சாயப்பட்டறை நாற்றம் மூக்கில் ஏறியதும் பயணக் களைப்பு பாதி போய்விட்டது. வெளிநாட்டில் இறங்கித் திருப்பூர் நொய்யல் ஆறு ஞாபகம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு உப்பில் ஊறிய ஆலிவ் காய்கள், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, எள் தூவிய வளைய ரொட்டி. காய்களை ஊறுகாய் என்று நினைத்து ரொட்டிக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர் கிண்ணத்தையே காலி செய்துகொண்டிருந்தார். மதியம் உப்புப் போட்ட மோர் கொடுத்தார்கள். கறிவேப்பிலை மட்டும்தான் குறை. டீ, இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில், பால் இல்லாமல், கேட்காமலே, தீரத் தீர வந்துகொண்டிருந்தது. நம் பேக்கரி மாஸ்டர்கள் பார்த்தால் அந்த நிறத்தை டிக்காஷன் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எந்திரத்தைக் காட்டியவர் முராத், என் வயதுதான் இருக்கும். பெண் தனியாக வந்திருப்பதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. இன்னும் கல்யாணம் ஆகாததில் நிறைய ஆச்சரியம். "எங்கள் ஊரிலும் இதே கேள்விதான்" என்றேன். "அப்படியானால் நீங்கள் விமானத்துக்குச் செலவழித்திருக்கவே வேண்டாம்" என்றார்.

இரண்டாம் நாள் முழுக்கச் சோதனை. எங்கள் துணியை ஓட்டி, துவைத்து, காயவைத்து, அளந்து பார்த்தோம். நான் ஒவ்வொரு முறையும் முராத் அளந்ததை மறுபடி அளந்தேன். "என் நாடாவில் நம்பிக்கை இல்லையா?" "உங்கள் நாடாவில் இருக்கிறது. விற்பவர் கையில் இல்லை." அவர் சிரித்துவிட்டு, எந்திரத்தில் ஈரப்பதம் கொஞ்சம் குறைவாக வைத்திருப்பதை அவராகவே ஒப்புக்கொண்டார். சரிசெய்து மறுபடி ஓட்டினோம். துணி சொன்னபடி நின்றது.

அன்று சாயங்காலம் அந்தோணிசாமியின் குரல்பதிவு வந்தது. "கண்ணு, நூத்தெம்பது ஜிஎஸ்எம் துணி எடுத்துட்டேன். படம் எங்க? பிரிண்டிங்காரன் நிக்கறான்." பின்னணியில் தையல் எந்திரங்கள் இரைந்தன.

ஜிஎஸ்எம் என்பது துணியின் எடை. எங்கள் ஊரில் பாப்பா பிறந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

*

மூன்றாம் நாள் ஞாயிறு, விடுமுறை. இஸ்னிக் போகிறேன் என்றதும், "ஓடு வாங்கவா?" என்றார் முராத். நீலப்பூ வரைந்த பீங்கான் ஓடுகளுக்குப் பேர்போன ஊராம். "இல்லை, ஒரு சண்டைக்கு" என்றேன். வழியை ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார்.

அப்படியும் தவறான மினி பஸ்ஸில் ஏறினேன். அங்கே கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய், மிச்சம் அதே வழியில் திரும்பி வருகிறது. கூட்ட நேரத்து அவிநாசி பஸ்ஸேதான். அந்த உற்சாகத்தில் நானும் நாலைந்து பேர் காசைக் கடத்திவிட்டு, ஊர்ப் பலகையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

பஸ் எங்கோ ஒரு சந்தைப்பேட்டையில் நின்றது. "இஸ்னிக்?" என்றேன். வண்டி முழுக்க ஒரே குரலில் "ஓ!" என்றது. கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என்னைக் கையைப் பிடித்து இறக்கி, ரோட்டைக் கடத்தி, எதிரே வந்த இன்னொரு மினி பஸ்ஸின் முன்னால் குறுக்கே போய் நின்றுவிட்டார். டிரைவர் கத்தினார். இவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். நான் ஏறியதும் என் மடியில் ஒரு கீரைக்கட்டைப் போட்டுவிட்டுப் போனார். நாள் முழுக்க அந்தக் கீரையோடு அலைந்தேன்.

இஸ்னிக் சின்ன ஊர். பழைய கோட்டைச் சுவர், அதைத் தாண்டினால் ஆலிவ் தோப்புகள், அதற்கப்புறம் ஏரி. கரையோரம் எங்கு பார்த்தாலும் ரோடு ரோலர். ஆண்டு விழாவுக்கு மாதக் கடைசியில் உலகத்துப் பெரிய மனிதர்களெல்லாம் வருகிறார்களாம். புதுத் தார், புது வேலி, நட்டு இரண்டு நாள்கூட ஆகாத பூச்செடிகள். மந்திரி வருகைக்கு முந்தின வாரம் நம் ஊர் எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் தெருவுக்கு ரோடு வாங்க நாங்கள் பட்ட பாட்டை நினைத்தேன். இப்படி ஓர் ஆண்டு விழாவை இழுத்துவந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

ஏரிக்கரையில், தண்ணீர் வற்றிய சேற்றுத் தரையில், ஒரு கோயிலின் அடிச்சுவர் தெரிந்தது. நூற்றாண்டுகளாக ஏரிக்குள் மூழ்கிக் கிடந்து இப்போது வெளியே வந்திருக்கிறது. கூரை இல்லை, தூண் இல்லை. இடுப்புயரம்கூட இல்லாத கல்வரிசைகள், ஒரு முனையில் அரைவட்டமாக வளைந்து. யாரோ தரையில் சாக்பீஸால் சட்டைக்குப் பேட்டர்ன் போட்டுவிட்டு, வெட்டாமல் விட்டதுபோல் இருந்தது.

வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் ஒன்று வேலியோரம் நின்றது. அவர்களுக்கு வழிகாட்டி எலிஃப் என்ற பெண். தலையில் முக்காடு, காலில் ஓட்டப் பந்தய ஷூ, கையில் மடக்கிய சிவப்புக் குடை. ஆங்கிலத்தில், ஆயிரம் தடவை சொன்ன அலுப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். ஆயர்களின் சங்கம் கூடிய சரியான இடம் இன்னமும் யாருக்கும் நிச்சயமில்லை. கூட்டியது பேரரசர். இறைமகன் தந்தையாகிய கடவுளுக்குச் சமமா, ஒரு படி கீழா என்பதுதான் பெரிய சண்டை. சமம் என்று முடிவானது.

"இன்னொன்று," என்றார் அதே அலுப்போடு. "நீங்கள் கோயிலில் சொல்லும் பிரமாணம் முழுக்க இங்கே எழுதியது இல்லை. இங்கே எழுதியது தூய ஆவியை நம்புகிறோம் என்பதோடு நின்றது, அப்புறம் சில சாபங்கள். திருச்சபை, திருமுழுக்கு பற்றிய வரிகளெல்லாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய அடுத்த சங்கத்தோடு வந்தவை. ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பஸ்."

நான் வேலியைச் சுற்றி ஓடினேன். "திருமுழுக்கு பற்றிய வரி முதலில் இல்லையா? நிச்சயமாகவா?"

அவர் என்னையும் என் கீரைக்கட்டையும் பார்த்தார். "நான் முஸ்லிம். எனக்கு இதில் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தேர்வு எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

"யாரும் தடுக்கவில்லையா, பெரியவர்கள் போட்டதில் கை வைக்கக்கூடாது என்று?"

"தடுத்திருப்பார்கள். நிறையச் சண்டை போட்டிருப்பார்கள். ஆனால் பாருங்கள், நீங்கள் இப்போது அந்த வரியைத்தான் கேட்டுக்கொண்டு ஓடி வருகிறீர்கள்." குடையைத் தூக்கிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போய்விட்டார். விடுதிக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி.

ஆனால் அதுவரை காத்திருக்கவில்லை. ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் டி-ஷர்ட் படத்தைத் திறந்தேன். தண்ணீர்த் தொட்டி முக்கிலிருந்து தெற்கே ஒரு கோடு இழுத்தேன். மற்ற ஐந்துக்கும் என்ன தடிமனோ அதே தடிமன், அதே நிறம், அதே அம்புக்குறி. கோட்டின் ஓரத்தில் எங்கள் தெருவின் பெயரை, 'தெற்குத் தெரு' என்று எழுதினேன். தலைவரின் உபயத்தை இரண்டு விரல் கீழே இறக்கினேன்.

திருட்டுத்தனமாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. கமிட்டியின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டு, கீழே எழுதினேன்: "ஆறாவது தெருவையும் பாதையில் சேர்த்திருக்கிறேன். அனைவரும் படத்தைப் பார்த்து ஒப்புதல் சொல்லவும்."

டீ ஆறுவதற்குள் தலைவர் குரல் வந்தது. "கண்ணு, உபயத்துல என்ற பேரு கொஞ்சம் சின்னதா தெரியுது. பெருசு பண்ணு." பெரிதாக்கி அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. கமிட்டியில் மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டார்கள். சாமியார் மட்டும் நெடுநேரம் கழித்துக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார்.

கீரையை டீக்கடைக்காரருக்குக் கொடுத்தேன். அவர் டீக்குக் காசு வாங்கவில்லை.

*

ஊர் திரும்பி, எந்திரத்தை வாங்கலாம் என்று அறிக்கை கொடுத்தேன். அந்த வாரமே சாம்பிள் டி-ஷர்ட் தைத்து வந்தது. வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் தொழிலின் ஒரு விதியைச் சொல்லவேண்டும். ஆர்டர் கொடுத்தவர் ஒரு சாம்பிளைப் பார்த்து ஓகே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் அதுதான் சட்டம். மொத்தத் துணியும் அதுபோலவே போகவேண்டும். நூல் பிசகினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும்.

சாம்பிளை அந்தோணிசாமியின் மேசையில் விரித்தேன், முதுகுப்பக்கம் மேலே தெரியும்படி. "படத்தைப் பார்த்துக்குங்க சார்."

திருப்பூரில் முப்பது வருடம் துணியோடு கிடந்த மனிதர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கழுத்தை இழுத்து விட்டார். உள்ளே புரட்டித் தையலை எண்ணினார். அச்சை நகத்தால் சுரண்டினார், உதிரவில்லை. தன் பெயரைப் படித்தார். "சூப்பர்" என்று சாம்பிளில் தொங்கிய அட்டையில் ஓகே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாதை சரியாங்க சார்?"

"எனக்குத் தெரியாத பாதையா கண்ணு? ஓட்டச் சொல்லு."

*

திருவிழா. மாலைத் திருப்பலியில் நீளமான பிரமாணம். அந்த ஒரு வரியை நான் அட்டையைப் பார்க்காமல் சொன்னேன். பிறகு சப்பரம் கிளம்பியது. எல்லாருக்கும் வெள்ளை டி-ஷர்ட். தலைவர் முன்னால் நடந்து கையால் வழிகாட்டிக்கொண்டு போனார். அப்பா முன்தண்டில். பின்னால் பேண்டு, ஜனம், நான்.

ஐந்து தெருக்கள் முடிந்து தொட்டி முக்கு வந்தது. தலைவர் வழக்கம்போல இடக்கையை நீட்டினார். சப்பரம் நின்றது. பேண்டு தடுமாறி ஓய்ந்தது.

"ஏனப்பா நின்னுட்டீங்க? திருப்புங்க."

அப்பாவின் குரல் நிதானமாக வந்தது. "ஐயா, உங்க முதுகுல தெக்கால போகச் சொல்லுதுங்க."

"என்ன?"

"படம் போட்டிருக்குதுங்க. அம்புக்குறியோட."

தலைவர் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்க முயன்றார். எட்டவில்லை. இந்தப் பக்கம் சுற்றினார், அந்தப் பக்கம் சுற்றினார். பக்கத்தில் நின்ற சிறுமிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் தன் மைத்துனரைத் திருப்பி நிறுத்தி, அவர் முதுகைப் படித்தார். விரலால் பாதையைத் தொடர்ந்து போனவர், முக்கில் நின்றார்.

"யாரு போட்டது இத?"

"நான்தானுங்க சார்" என்று முன்னால் வந்தேன். "குரூப்புல சொன்னேன். சாம்பிள விரிச்சுக் காட்டுனேன். நீங்க ஓகே பண்ணுனதுதானுங்க. கையெழுத்து இருக்குது."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குது. ஆயிரத்தெழுநூறு வருசமா..."

"அந்த ஊருக்கே போயிட்டு வந்துட்டேனுங்க சார். இன்னைக்கு நாம எல்லாம் சேந்து சொன்னமே ஒரே திருமுழுக்குன்னு, அது முதல்ல எழுதுனதுல இல்லீங்க. பின்னாடி சேத்தது. அதயே சேத்தாங்க. ஒரு தெருவச் சேக்கக்கூடாதுங்களா?"

கூட்டத்தில் நின்ற அத்தனை பேரும் பனியன் கம்பெனி ஆட்கள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "ஓகே ஆன சாம்பிள மாத்துனா சரக்கு ரிஜெக்ட் ஆயிருமுங்கோ!" சிரிப்பு கிளம்பி, முக்கு முழுக்கப் பரவியது. தலைவரின் மைத்துனரும் சிரித்தார், முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு.

தலைவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் இந்த முறை கீழே பார்க்கவில்லை. "நான் அன்னைக்கே பாத்துட்டேன்யா. எல்லாரு முதுகுலயும் இருக்குல்லா. எத்தன நேரம் தோள்ல வச்சிட்டு நிப்பாங்க? போங்க."

தலைவர் வழிவிடவில்லை. சப்பரத்தின் முன்னாலேயே நின்றார். அப்பா தண்டை வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றினார். பின்னால் இருந்தவர்களும் மாற்றினார்கள். சப்பரம் அவரைச் சுற்றி, தெற்கே திரும்பியது. கம்பி இடிக்கவில்லை. சுவர் உரசவில்லை. நான் அளந்தபடியே இருபுறமும் ஆள் நடக்க இடம் இருந்தது. அதில் ஆட்கள் நடந்தார்கள்.

அம்மா வாசலில் நாற்காலியில் இருந்தார். மெழுகுவத்தி பாதி எரிந்திருந்தது. சத்தம் முக்கோடு திரும்பிவிடும் என்றுதான் நினைத்திருப்பார். சப்பரம் வீட்டுக்கு நேரே வந்து நின்றதும், வாக்கரைப் பிடித்து மெல்ல எழுந்தார். கும்பிடவில்லை, உடனே இல்லை. செக்கிங் மேசையில் துணி பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். அப்புறம் சவேரியாரிடம் கேட்டார்:

"வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"